புதுப்பிப்பு: சிம்னிக் குழாயை மறைக்கும் பெட்டி முடிந்தது

களியக்காவிளைப் பக்கம் வீடு. அடுக்களைச் சிம்னிக்கு மேலே அம்மணமாக நிற்கும் அலுமினியக் குழாயை மறைக்கப் பெட்டி செய்ய வேண்டும், மல்ட்டிவுட்டா பிளைவுட்டா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பெட்டி ஏறிவிட்டது.

கைகொடுத்தது பாலக்காட்டு நண்பரின் யோசனை: ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) சேனலில் சட்டம், மேலே 8 மி.மீ. சிமென்ட் ஃபைபர் போர்டு. மல்ட்டிவுட் பி.வி.சி.தானே, சூடு தொடர்ந்து பட்டால் இளகி வளையும். எங்கள் ஆசாரி அண்ணனும் அதையே சொன்னார். போர்டு எண்ணெய் குடிக்காமலிருக்க பிரைமர் அடித்து எனாமல். அழகுக்கு விளிம்பில் மட்டும் பழைய அயினி மரப் பலகை.

எதிர்பாராதது சத்தம். சிம்னியின் வேகத்தைக் கூட்டியதும் பெட்டி முழுக்க 'ங்ங்ங்' என்று அதிர்ந்தது. பெட்டியின் அடி சிம்னித் தகட்டில் உட்கார்ந்திருந்ததுதான் காரணம். திருகுகளைத் தளர்த்தி, சுவரை மட்டும் பிடித்து நிற்கும்படி விரலளவு மேலே தூக்கி, இடைவெளியில் கதவுக்கு ஒட்டும் ரப்பர் பட்டையைக் கொடுத்தோம். அடங்கிவிட்டது. (அம்மாவுக்கு இப்போதும் இரைச்சல்தான். மிக்ஸியைப் பற்றி மட்டும் வாய் திறக்க மாட்டார்.)

முன்பலகையை ஆணி அடிக்காமல் காந்தத்தில் மாட்டச் சொன்ன தம்பிக்குத் தனி நன்றி. ஆடிக் காற்றில் குழாய் மூட்டின் டேப் விட்டுப்போனபோது பலகையைக் கழற்றி உடனே ஒட்ட முடிந்தது. காற்று எதிர்த்து நுழையாதபடி வெளிச்சுவரில் குழாய் முடியும் இடத்தில், வெளிப்பக்கம் மட்டும் திறக்கும் தட்டு மூடியும் போட்டாயிற்று.

அளவு கேட்டவருக்கு: 6 அங்குலக் குழாய்க்கு உள்ளகலம் 10 அங்குலம் விட்டேன். கை நுழைய வேண்டுமே.