பிகாம் முடியப்போகுது, சிடிஏவா (சிஏ ஆக பிகாமுக்கு அப்புறம் படிக்கிற படிப்பு) எகனாமிக்ஸ் ஹானர்ஸா?

சாட்ஸ்வொர்த்_பொண்ணு: தென்னாப்பிரிக்கா டர்பன்ல பிகாம் அக்கவுண்டிங் கடைசி வருஷம், அப்பா சிஏ பண்ணுன்றாரு, எனக்கு எகனாமிக்ஸ்தான் உசுரு. நேரா மாஸ்டர்ஸ் சேரலாமா?

வெஸ்ட்வில்_அண்ணா: முடியாதும்மா, இங்க பிகாம் 3 வருஷம்தானே, நடுவுல ஹானர்ஸ் 1 வருஷம் முடிக்கணும். அதுல எகனாமெட்ரிக்ஸ் (பொருளாதாரத்துக்கான புள்ளியியல் கணக்கு) வாட்டி எடுக்கும், கணக்கை இப்பவே தேத்திக்கோ.

கணக்கு_அக்கா: சிஏன்னா சிடிஏ, அப்புறம் ஐஏசி (முன்னாடி ஐடிசி) பரிட்சை, 3 வருஷம் ஆர்ட்டிகிள்ஸ் (வேலை பாத்துக்கிட்டே எடுக்கிற பயிற்சி), ஏபிசின்ற கடைசி பரிட்சை. நான் ஆர்ட்டிகிள்ஸ் பாத்துக்கிட்டே தொலைதூரக் கல்வில சிடிஏ எழுதினேன், ராத்திரி தூக்கமே கிடையாது, மொத தடவை ஃபெயில், ரொம்ப அழுதேன். வீட்ல வசதி இருந்தா ஃபுல்டைமா படி தங்கம்.

சாட்ஸ்வொர்த்_பொண்ணு: நன்றிக்கா. சிடிஏவும் ஹானர்ஸும் ஒரே லெவலா?

கணக்கு_அக்கா: ஆமா, ரெண்டுமே என்கியூஎஃப் (இந்த நாட்டுப் படிப்புகளோட தர வரிசை) லெவல் 8, மாஸ்டர்ஸ் 9. அப்பாகிட்ட இதையே காட்டிப் பேசு.