மறு: கண் அழுத்தத்துக்கான லேசர் சிகிச்சை – தமிழில் என்ன பெயர்?

வணக்கம்.

> 'சீரொளிச் சல்லடை ஒட்டறுவை' என்று வைத்துக்கொள்ளலாமா?

சொல் கட்டாகத்தான் இருக்கிறது, ஆனால் 'அறுவை' வேண்டாம். இந்தச் சிகிச்சையின் ஆங்கிலப் பெயரான டிராபெகுலோபிளாஸ்டியின் வாலில் 'பிளாஸ்டி' இருப்பதால் ஒட்டறுவை வந்துவிட்டது. இங்கே வெட்டுவதும் இல்லை, ஒட்டுவதும் இல்லை. கண் மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, ஆடி பதித்த ஒரு வில்லையைக் கண்மேல் வைத்து லேசரைச் செலுத்துகிறார்கள். சில நிமிட வேலை, அன்றே வீட்டுக்குப் போகலாம். ஒப்புதல் படிவத்தில் 'அறுவை' என்று கண்டால், "ஊருக்குப் போய்ப் பையனைக் கேட்டுட்டு வர்றேன்" என்று கிளம்புகிறவர்கள்தான் அதிகம் இருப்பார்கள்.

'சல்லடை'யும் எனக்கு உறுத்துகிறது. லேசர் ஓட்டை போடுகிறது என்று நினைக்க வைக்கும். ஓட்டை போடும் லேசர் வேறு. வடிகால் கோணம் (கண்ணுக்குள் சுரக்கும் நீர் வெளியேறும் மூலை) குறுகியவர்களுக்குக் கதிராளியின் ஓரத்தில் சிறு துளையிடுவார்கள், அதுதான் இரிடாட்டமி. அதற்குக் 'கதிராளித் துளையிடல்' சரி. (ஐரிஸுக்கு, அதாவது கண்மணியைச் சுற்றியுள்ள நிற வளையத்துக்கு, இலங்கை வழக்கான 'கதிராளி'யே நல்லது. 'கருவிழி'யைக் கண்ணின் முன்புறத் தெளிவான படலமான கார்னியாவுக்கும் சொல்கிறார்கள், குழப்பம்.) இரண்டு சிகிச்சைகளும் நோயாளி மனதில் ஒன்றாகிவிடக் கூடாது.

நாம் பெயர் தேடும் சிகிச்சை, அகன்ற கோணம் உள்ளவர்களுக்கு. கண்ணுக்குள் சுரக்கும் நீர், கோணத்தில் உள்ள வலைபோன்ற திசு வழியே ஷ்லெம் கால்வாய் என்ற நுண்குழாய்க்கு வடிகிறது. வடிதல் மந்தமானால் அழுத்தம் ஏறும். 1979-இல் கண் மருத்துவர்கள் வைஸ், விட்டர் இருவரும் ஆர்கான் லேசரால் அந்த வலையில் புள்ளி புள்ளியாகச் சூடு வைத்து அழுத்தத்தைக் குறைத்துக் காட்டினார்கள். புள்ளியின் அகலம் 50 மைக்ரான், நேரம் 0.1 வினாடி. 1990-களில் கண் மருத்துவர் லட்டினா கொண்டுவந்த எஸ்.எல்.டி. (செலக்டிவ் லேசர் டிராபெகுலோபிளாஸ்டி) முறையில் புள்ளி 400 மைக்ரான், துடிப்போ 3 நானோவினாடிதான். 532 நானோமீட்டர் பச்சை ஒளியை நிறமி உள்ள செல்கள் உறிஞ்சிக்கொள்கின்றன. சூடு அக்கம்பக்கம் பரவுவதற்குள் துடிப்பு முடிந்துவிடும், வலை கருகாது. பெயரில் உள்ள 'செலக்டிவ்' இதைத்தான் குறிக்கிறது. அதைத் 'தேர்வு லேசர்' என்றால் பரீட்சை ஞாபகம் வரும், அப்புறம் யாரும் அதைச் சீரியஸாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆக, என் பரிந்துரை: அந்தத் திசுவுக்கு 'வடிவலை'. பழைய முறை 'வடிவலைச் சூட்டு லேசர்', புதியது 'நிறமித்தேர் வடிவலை லேசர்'. பேச்சில் 'வடிவலை லேசர்' போதும். சுரக்கும் திசுவையே சுட்டு நீர்வரத்தைக் குறைக்கும் டையோடு லேசர் முறைக்குச் 'சுரப்புக் குறைப்பு லேசர்' என்று வைத்தால், எந்த லேசர் எங்கே வேலை செய்கிறது என்பது பெயரிலேயே தெரிந்துவிடும்.

இன்னொருவர் 'சீரமைப்பு' சேர்க்கச் சொன்னார். கூடாது என்பேன். நோயாளி கேட்கும் முதல் கேள்வியே "பார்வை திரும்புமா?" என்பதுதான். அழுத்தத்தால் போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காக்கவே இந்த லேசர். பெயரே பொய் நம்பிக்கை தரக் கூடாது.

அவசரம் இல்லாத சொல் என்று தள்ளிவைக்கவும் முடியாது. பிரிட்டனில் 718 பேரை வைத்து நடந்த லைட் ஆய்வு 2019-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. லேசரில் தொடங்கியவர்களில் 74 விழுக்காட்டினருக்கு, 3 ஆண்டு கழித்தும் சொட்டு மருந்து இல்லாமலே அழுத்தம் இலக்குக்குள் நின்றது. மருந்துக்கு முன்பே லேசர் என்ற பேச்சு வலுத்ததால் இந்தப் பெயர் இனி அடிக்கடி தேவைப்படும்.

'சீரொளி'யா 'லேசரா' என்ற சண்டைக்கு நான் வரவில்லை. முடியெடுக்கும் கடைப் பலகை வரை 'லேசர்' போய்விட்டது. 'நிறமித்தேர்' வாயில் நுழையவில்லை என்றால் மாற்றுச் சொல்லுங்கள், அதில் பிடிவாதம் இல்லை. 'வடிவலை'யைக் கண் மருத்துவமனையில் வேலை செய்பவர்கள் யாராவது நோயாளிகளிடம் சொல்லிப் பார்த்து எழுதினால், விக்சனரியில் ஏற்றிவிடலாம்.