சென்னை–கோவை ஏ320: இறங்க வேண்டிய இடம் தாண்டியும் விமானம் இறங்க மறுக்கிறது

கேள்வி (ராயபுரம்)
அனைவருக்கும் வணக்கம். வீட்டுக் கணினியில், விமானம் ஓட்டும் பாவனை மென்பொருளில், ஏர்பஸ் ஏ320 நியோவை மீனம்பாக்கத்திலிருந்து கோவைக்கு ஓட்டிப் பழகி வருகிறேன். சிம்பிரீஃப் என்னும் திட்டமிடல் தளத்தில் எடுத்த பயணத் திட்டத்தை எம்சிடியூவில் (விமானக் கணினியின் விசைப்பலகைத் திரை) ஏற்றி, 32,000 அடிக்கு ஏறி, ஆட்டோபைலட்டில் விடும் வரை எந்தச் சிக்கலும் இல்லை. ஆனால் இறக்கம் தொடங்க வேண்டிய இடத்தைக் காட்டும் வெள்ளை அம்புக்குறி பின்னால் போன பிறகும் விமானம் அதே உயரத்திலேயே போகிறது. கவனித்து இறக்கத் தொடங்கினால், கோவை ஓடுபாதை எதிரே தெரியும்போதும் பத்தாயிரம் அடிக்கு மேல் நிற்கிறேன். வீடு காசிமேட்டுப் பக்கம் என்பதால், உப்புக்காற்றில் ஜாய்ஸ்டிக்கின் உள்ளே ஏதேனும் அரித்துவிட்டதா என்றும் ஐயமாக இருக்கிறது.

பதில் (பெரம்பூர்)
ஜாய்ஸ்டிக்கைக் கழற்ற வேண்டாம், தம்பி. அது துள்ளினால் ஆட்டோபைலட் எச்சரிக்கை ஒலியுடன் விடுபடுமே தவிர, இப்படி உயரத்தைப் பிடித்துக்கொண்டு போகாது. ஏர்பஸ்ஸில் அந்த அம்புக்குறி வெறும் நினைவூட்டல்தான். இறக்கத்தை விமானி தொடங்கிவைக்க வேண்டும். முதலில் உயரக் குமிழைத் திருப்பிக் குறைந்த உயரத்தை வையுங்கள். பிறகு அதே குமிழை அழுத்துங்கள். அழுத்தினால் கணினி வகுத்த பாதையில் இறங்கும். இழுத்தால் எஞ்சின் விசையைத் தணித்து, இடையிலுள்ள உயரக் கட்டுப்பாடுகளைப் பொருட்படுத்தாமல் இறங்கும். சுட்டியால் எங்கே சொடுக்கினால் அழுத்தல், எங்கே இழுத்தல் என்பது ஒவ்வொரு தயாரிப்பிலும் மாறுவதால், முதன்மைத் திரையின் மேல் வரிசையில் 'டெஸ்' (அழுத்தல்) என்று வந்ததா, 'ஓப்பன் டெஸ்' (இழுத்தல்) என்று வந்ததா என்று பார்த்த பிறகே கையை எடுங்கள்.

பதில் (திருவொற்றியூர்)
பெரம்பூர் அண்ணன் சொன்னதோடு ஒரு மனக்கணக்கையும் வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் அடி இறங்க மூன்று கடல் மைல் வேண்டும். கோவை நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,300 அடி உயரத்தில் இருப்பதால், நீங்கள் இழக்க வேண்டியது ஏறக்குறைய 30,700 அடி. அதற்கு 92 கடல் மைல். பத்தாயிரம் அடிக்குக் கீழே வேகம் 250 நாட்டை (மணிக்கு 250 கடல் மைல்) தாண்டக் கூடாது என்பதால், வேகத்தைக் குறைக்க இன்னும் பத்தைச் சேருங்கள். பின்காற்று இருந்தால் அதுவும் போதாது. சென்னை–கோவை நேர்த்தூரமே 220 கடல் மைல் அளவுதான் என்னும்போது, ஏறி முடித்துச் சற்று நேரத்திலேயே இறக்கத்தை நினைக்க வேண்டியிருக்கும். இந்த வழித்தடத்தில் நிதானமாகத் தேநீர் குடிக்க நேரமில்லை என்பது என் கருத்து.

தாமதமாகிவிட்டால், உயர அளவுகோலின் ஓரத்தில் உள்ள பச்சை வட்டத்தைப் பாருங்கள். அது நடுக்கோட்டுக்குக் கீழே போயிருந்தால், நீங்கள் பாதைக்கு மேலே இருக்கிறீர்கள். அப்போது குமிழை இழுத்து, ஸ்பீட் பிரேக்கை (இறக்கை மேல் எழும் வேகத்தடைத் தகடுகள்) விரிக்கலாம்.

கேட்டவர் (ராயபுரம்)
நன்றி, அண்ணன்மார்களே. அம்புக்குறிக்குச் சற்று முன்னரே குமிழை அழுத்தினேன். நிமிடத்துக்கு ஆயிரம் அடி வீதம் மெதுவாக இறங்கி, பாதையைப் பிடித்ததும் தானாகவே வேகமாக இறங்கியது. போயிங் 737-இலும் இப்படித்தானா?

பதில் (பெரம்பூர்)
இல்லை, தம்பி. அதில் விநாவ் (VNAV, கணினி வகுத்த உயரப் பாதையில் செல்லும் முறை) இயங்கிக்கொண்டிருக்கும்போது, அந்த இடம் வருவதற்கு முன்பே உயரச் சாளரத்தில் குறைந்த எண்ணை வைத்துவிட்டால், அதுவாகவே இறங்கத் தொடங்கும். எண்ணை மாற்ற மறந்தால் மட்டும், உங்கள் ஏ320 போல அதுவும் நேராகவே போகும்.