மறு: ‘பைரசி’க்கு ஒரே சொல் போதுமா?

குழுவினருக்கு வணக்கம்.

உரிமையின்றிப் படியெடுத்துப் பரப்பும் ‘பைரசி’க்குத் தமிழ்ச்சொல்லாக முந்தைய மடல்களில் வந்த ‘களவுப்படி’, ‘திருட்டுப் பதிப்பு’ ஆகியவை மென்பொருளுக்கும் திரைப்படத்துக்கும் சரி. வயதுவந்தோருக்கான பாலியல் படங்களுக்கு அவை போதாது என்பது என் எண்ணம். திருட்டு என்றதும் பறிகொடுத்தவர் யார் என்று கேட்போம். இத்துறையில் சட்டம் கைகாட்டும் ஆள் தயாரிப்பாளர். நடித்தவர் பெரும்பாலும் ஒப்பந்தத்தில் உரிமையை எழுதிக் கொடுத்திருப்பார்.

அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டு டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டப்படி நீக்கக் கோரிக்கை (தளத்திலிருந்து படத்தை எடுக்கச் சொல்லும் மடல்) அனுப்புபவர், தான் உரிமையாளர் அல்லது அவர் சார்பில் செயல்பட அதிகாரம் பெற்றவர் என உறுதிமொழி தர வேண்டும். பொய் என்றால் தண்டனை. உரிமையை எழுதிக் கொடுத்தவர் அதில் எப்படிக் கையெழுத்திடுவார்? தானே படமெடுத்து விற்பவருக்கு உரிமை உண்டு. ஆனால் புனைபெயரில் தொழில் செய்யும் அவர், சொந்தப் பெயரையும் தொடர்பு விவரத்தையும் எழுதித் தர வேண்டிவரும். அது பதிவேற்றியவன் கைக்கே போய்ச் சேரவும் கூடும். முகவர் வழியாக அனுப்பலாம், அதற்குக் காசு வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு அதே படம் வேறு தலைப்பில் மறுபடி ஏறிவிடும்.

“ஆபாசத்துக்கு என்ன பதிப்புரிமை?” என்று ஒருவர் கேட்டிருந்தார். 1979இலேயே அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, ஆபாசம் என்று சொல்லிப் பதிப்புரிமை மீறலிலிருந்து தப்ப முடியாது எனத் தீர்ப்பளித்துவிட்டது. ஆனால் உரிமை என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்குப் பிரெண்டா என்ற அமெரிக்க வழக்கறிஞர் நிறுவனத்தின் வழக்கு இருக்கிறது. அந்த வழக்கறிஞர்கள் தங்கள் கட்டுப்பாட்டில் இருந்த பாலியல் படங்களைத் தாங்களே டொரன்டில் (பயனர்கள் தங்களுக்குள் கோப்புகளைப் பரிமாறும் இணைய வழியில்) ஏற்றி, இறக்கியவர்களை வழக்கென்று மிரட்டி, வெட்கத்துக்கு அஞ்சியவர்களிடம் ஆயிரக்கணக்கான டாலர் கறந்தார்கள். 2019இல் ஒருவருக்கு 14 ஆண்டு சிறை. அந்தப் பணத்துக்கும் படத்தில் இருந்தவர்களின் நலனுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

ஆகவே என் பரிந்துரை: இசைவுமீறிய பரப்பல். ‘ஒப்புதல்’ என்றால் வாக்குமூலமும் ரசீதும் நினைவுக்கு வருகின்றன. ‘பகிர்வு’ நல்ல சொல், அதை இந்தச் செயலுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ‘இசைவு மீறிப் பரப்பினான்’ என்று வினையாகவும் இயல்பாக வருகிறது.

---

ஐயா, வணக்கம். சொல் பிடித்திருக்கிறது. ஒரு கேள்வி. முன்னாள் காதலன் பழிவாங்க வெளியிடும் அந்தரங்கப் படத்தையும் இதே சொல்லால் குறிப்பதா? அந்தப் பெண் யாருக்கும் எதையும் விற்கவில்லையே. இரண்டையும் ஒரே கூடையில் போட்டால் அவருக்கு அநீதி. அப்புறம், நடிப்பவரைப் பார்த்து “நீதான் எல்லாருக்கும் காட்டினாயே” என்பவர்களுக்கும் இந்தச் சொல் பதில் சொல்ல வேண்டும்.

---

அம்மா, நியாயமான கேள்வி. வெளியிடவே இசைவு தராத இடத்தில் ‘இசைவற்ற பரப்பல்’ என்போம். ‘மீறிய’ என்பதை இசைவுக்கு ஓர் எல்லை இருந்த இடத்துக்கு வைத்துக்கொள்வோம்: இன்ன தளம், இன்ன சந்தாதாரர், இன்ன விலை. எல்லாருக்கும் காட்டினாயே என்பவருக்கு அந்த எல்லையே பதில்.

இரண்டும் ஒரே வாசல் வழியாகத்தான் வருகின்றன என்பதையும் பதிவு செய்ய வேண்டும். 2020 டிசம்பரில் விசாவும் மாஸ்டர்கார்டும் கட்டணச் சேவையை நிறுத்திய பிறகுதான் போர்ன்ஹப் என்ற பாலியல் படத் தளம், அடையாளம் சரிபார்க்கப்படாத கணக்குகள் ஏற்றிய படங்களை மொத்தமாக எடுத்தது. யார் வேண்டுமானாலும் எதையும் ஏற்றலாம் என்றிருந்தபோது திருடிய படமும் வன்கொடுமைப் படமும் அருகருகே கிடந்தன.

‘பைரசி’யின் பொதுச்சொல்லாகக் ‘களவுப்படி’ இருக்கட்டும். அதன் கீழ் இந்த இரண்டையும் தனிப் பதிவுகளாகச் சேர்க்கலாமா? விளக்கத்தில் ‘உரிமையாளர்’, ‘படத்தில் இருப்பவர்’ இரண்டும் தனித்தனியாக வர வேண்டும் என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.