விளக்கு, கடிகாரம், கண்ணாடி, பொம்மை வீடு: அமிட்டிவில் தொடர்ச்சிப் படங்களைப் பார்த்தவர்கள் எழுதுங்கள்

நள்ளிரவு ரசிகன்:

1979-இல் வந்த முதல் 'அமிட்டிவில்' என்ற அமெரிக்கப் பேய் வீட்டுப் படத்தைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். சில மில்லியன் டாலரில் எடுத்த படம் 80 மில்லியனுக்கு மேல் அள்ளியது. ஜேம்ஸ் ப்ரோலின், மார்கோ கிடர், ராட் ஸ்டைகர் என்று பெரிய பெயர்கள் அதில் நடித்தார்கள். நான் பேச விரும்புவது அந்த வரிசையின் கடைக்குட்டிகளைப் பற்றி. சாபம் பிடித்த ஒரு வீட்டுப் பொருளை மட்டும் நம்பி, சொற்பச் செலவில் எடுக்கப்பட்ட நான்கு படங்கள்: 1989, 1992, 1993, 1996. அவற்றை மட்டமான படங்கள் என்று ஒரே வரியில் ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பார்த்தவர்கள் எங்கே, எப்படிப் பார்த்தீர்கள், எந்தக் காட்சி உங்களை விட்டு அகலவில்லை என்று எழுதுங்கள்.

நான் முதலில் பார்த்தது விளக்குப் படம், அதாவது நான்காம் பாகம். என்.பி.சி. தொலைக்காட்சிக்காக 1989-இல் எடுத்தது. இயக்கியவர் சாண்டர் ஸ்டெர்ன். முதல் படத்துக்குத் திரைக்கதை எழுதியவரும் அவரே. எங்கள் வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டு பார்த்தேன்.

பாதிரியார்கள் கூட்டமாக வந்து அமிட்டிவில் வீட்டை மந்திரிக்கிறார்கள். தீய சக்தி சுவரிலுள்ள பிளக் வழியாக ஒரு நிலைவிளக்குக்குள் ஏறிக்கொள்கிறது. ஆளுயரப் பித்தளை விளக்கு. காய்ந்த மரம்போல முறுக்கிய தண்டு, கைவிரல்கள்போலக் கிளைகள், உச்சியில் ஓர் உருண்டைக் கண்ணாடிக் குமிழ். வீட்டுச் சாமான்களை வாசலில் பரப்பி விற்கும்போது ஒரு பெண்மணி அதை 100 டாலருக்கு வாங்குகிறார். இவ்வளவு அசிங்கமான விளக்கை கலிபோர்னியாவில் இருக்கும் அக்காவுக்குப் பிறந்தநாள் பரிசாக அனுப்பினால் வேடிக்கையாக இருக்கும் என்பது அவர் நினைப்பு. வாங்கும்போது விளக்கு விரலைக் கீறிவிடுகிறது. அந்தக் கீறலிலேயே டெட்டனஸ் கண்டு இறந்துபோகிறார்.

இதைப் பார்த்தபோது எனக்குக் குளிர் எடுத்தது. பேய் வந்து கழுத்தை நெரிக்கவில்லை. துருப்பிடித்த ஆணி எல்லோர் வீட்டிலும் இருக்கிறது, கீறலும் எல்லோருக்கும் படுகிறது. கையில் காசில்லாத இயக்குநர் நம் வீட்டிலேயே இருக்கும் பயத்தைக் கடன் வாங்கிக்கொண்டார்.

அக்கா வீட்டில் என்ன நடக்கிறது என்பதும் முக்கியம். கணவனை இழந்த மகள் (நடிகை பேட்டி ட்யூக்) மூன்று பிள்ளைகளோடு தாய்வீடு வந்து சேர்கிறாள். கடைசிப் பெண்குழந்தை விளக்கின் முன்னால் உட்கார்ந்து, செத்துப்போன அப்பா அதற்குள் இருப்பதாக நம்பிப் பேசுகிறாள். அந்தக் குழந்தைக்கு அப்பா வேண்டும். விளக்கு அதைத் தெரிந்துகொண்டு குரல் கொடுக்கிறது. எனக்குப் படம் முழுவதும் அந்த ஒரு காட்சிதான்.

கேசட் காலம்:

தம்பி, நல்ல வேலை செய்தீர்கள். நான் டொராண்டோவில் இருக்கிறேன். நாங்கள் ஊரைவிட்டு வந்து சேர்ந்த புதிதில் வீடியோ கடைதான் எங்களுக்குத் தியேட்டர். புதுப் படங்களுக்கு வாடகை கூடுதல்; பின்வரிசைத் தட்டில் இருந்தவை மலிவு. 1992-இல் வந்த கடிகாரப் படம் அந்தத் தட்டில்தான் கிடைத்தது. இயக்குநர் டோனி ராண்டல். நான்கிலும் இதுதான் சிறந்த படம் என்று அடித்துச் சொல்வேன்.

ஒரு கட்டடக்கலைஞர் வேலை விஷயமாக அமிட்டிவில் போகிறார். இடிந்த வீட்டிலிருந்து ஒரு பழைய மேசைக்கடிகாரத்தைக் கொண்டுவந்து, கலிபோர்னியாவிலுள்ள தன் வீட்டில் கணப்படுப்புக்கு மேலே வைக்கிறார். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் கடிகாரத்தின் அடியிலிருந்து திருகாணிகள் தாமாக இறங்கி மரத்துக்குள் திருகிக்கொள்கின்றன. அவ்வளவுதான் காட்சி. இரத்தமில்லை, அலறலில்லை. திருகாணி மரத்தைத் துளைக்கும் சத்தம் மட்டும். இனி இதை எவராலும் அசைக்க முடியாது என்று நமக்கு விளங்கிவிடுகிறது, வீட்டுக்காரருக்கு மட்டும் விளங்கவில்லை. என்னோடு படம் பார்த்துக்கொண்டிருந்த அம்மம்மா எழுந்து விளக்கைப் போட்டுவிட்டுச் சொன்னார்: "யார் வீட்டுச் சாமானோ, கழுவாமல் கொள்ளாமல் உள்ளே எடுக்கலாமோ?"

பிறகு அந்தக் கட்டடக்கலைஞரை நாய் கடிக்கிறது. காயம் ஆறாமல் சீழ் பிடிக்கிறது. மனுஷன் படுக்கையில் கிடந்தபடி அமிட்டிவில் வீட்டையே மாதிரி செய்துகொண்டிருக்கிறார். இரவில் கடிகாரம் காலத்தைத் திருகிவிட, கூடம் பழைய காலத்துச் சித்திரவதை அறையாகிறது. கடிகாரத்தின் பூர்வீகம் பிரான்சில் 15-ஆம் நூற்றாண்டில் குழந்தைகளைக் கொன்றதற்காகத் தூக்கிலிடப்பட்ட ஜில் த ரே என்ற பிரபுவிடம் போய் முடிகிறது. அந்த மனிதர் உண்மையில் வாழ்ந்தவர். ஒரு சின்னப் படம் அவ்வளவு தூரம் போய் வேர் தேடியது எனக்குப் பிடித்தது. வரலாற்றை ஒழுங்காகச் சொன்னார்களா என்று கேட்காதீர்கள்; பயத்துக்கு ஒரு வயது கொடுத்தார்கள், அது போதும்.

தம்பி சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். இங்கேயும் முழுமையான குடும்பம் இல்லை. தனியாகப் பிள்ளை வளர்க்கும் தகப்பன், வளர்ந்துவரும் இரண்டு பிள்ளைகள், உறவு முறிந்த பிறகும் அந்தப் பிள்ளைகளுக்காக வந்து நிற்கும் பழைய காதலி. கடைசியில் வீட்டைக் காப்பாற்றப் போராடுகிறவளும் அவள்தான். இரத்த உறவு இல்லாத பெண் இன்னொருவர் பிள்ளைகளுக்காக நிற்பதைப் பேய்ப் படம் ஒன்றில் இவ்வளவு மரியாதையோடு காட்டியதை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

ஒளியும் இருளும்:

அண்ணன் சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன், கடிகாரம்தான் முதலிடம். ஆனால் கண்ணாடிப் படத்துக்காக நான் கொஞ்சம் வாதாட வேண்டும். 1993, ஜான் முர்லோவ்ஸ்கி இயக்கம், நேராகக் கேசட்டில் வெளியான படம். நான் புகைப்படக் கலைஞர். சென்னையில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கதாநாயகனும் என் தொழில்காரன் என்பதால் நண்பர் ஒருவர் டிவிடி கொடுத்தார்.

தெருவில் வாழும் ஒரு முதியவர், அந்த இளைஞனைக் கூப்பிட்டு ஒரு பழைய கண்ணாடியை இனாமாகக் கொடுக்கிறார். அவன் அதை எடுத்துக்கொண்டு, கலைஞர்கள் கூடி வாழும் கட்டடத்துக்குப் போகிறான். அங்கே ஒவ்வொருவரும் அந்தக் கண்ணாடியில் தங்கள் சாவைப் பார்க்கிறார்கள். படம் நடுவில் தொய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் முதியவர் யார் என்று தெரியவரும் இடம் இருக்கிறதே, அது கனமானது. அவர்தான் அவனுடைய தகப்பன். ஒரு காலத்தில் குடும்பத்தையே சுட்டுக் கொன்றவர். அவர் கொடுத்தது கண்ணாடி மட்டுமல்ல. 'எனக்குள்ளும் அந்த ஆள் இருக்கிறானா' என்ற கேள்வியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். குடிகாரத் தகப்பனுக்குப் பிறந்த பிள்ளைகள் எத்தனை பேர் காலையில் முகம் கழுவும்போது கண்ணாடியில் இதைக் கேட்டுக்கொள்கிறார்கள்! இந்தப் படம் அவர்களுக்கானது.

தொழில் கண்ணோடு ஒன்று சொல்கிறேன். கண்ணாடியைப் படமெடுப்பது கஷ்டமான வேலை. கேமரா தெரியும், விளக்கு தெரியும், பின்னால் நிற்கும் ஆள் தெரிவான். கோணத்தை மாற்றி மாற்றி வைத்துத்தான் தப்பிக்க வேண்டும். நேரமும் பணமும் இல்லாத குழு ஒரு படம் முழுக்க அதைச் செய்திருக்கிறது. ரிச்சர்ட் ரவுண்ட்ட்ரீ, டெர்ரி ஓ'க்வின், டேவிட் நாட்டன் போன்ற தேர்ந்த நடிகர்களும் அலட்சியமில்லாமல் நடித்திருக்கிறார்கள்.

தீவுக்காரி:

நான் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் வசிக்கிறேன். அமிட்டிவில் இங்கே உண்மையிலேயே இருக்கும் ஊர். படகுத்துறைகளும் மரநிழலும் உள்ள அமைதியான இடம். அந்த வீடும் இருக்கிறது. ஓஷன் அவென்யூ 112 என்ற பழைய இலக்கத்தை மாற்றிவிட்டார்கள். கண்கள்போல விழித்துக்கொண்டிருந்த மாடி ஜன்னல்களையும் எடுத்துவிட்டுச் சாதாரண ஜன்னல்கள் வைத்துவிட்டார்கள். வேடிக்கை பார்க்க வருபவர்களின் தொல்லை தாங்காமல் செய்தது. படங்களில் வரும் வீடு அதுவல்ல. முதல் படத்தையே நியூ ஜெர்சியின் டாம்ஸ் ரிவரில் ஒரு வீட்டை ஒப்பனை செய்து எடுத்தார்கள்.

ரசிகர்கள் மறக்கக் கூடாத ஒன்று உண்டு. 1974 நவம்பர் 13-ஆம் தேதி அந்த வீட்டில் ரொனால்ட் டெஃபியோ தன் பெற்றோரையும் நான்கு தம்பி தங்கைகளையும் சுட்டுக் கொன்றான். அது கதையல்ல. அடுத்த ஆண்டு டிசம்பரில் குடிவந்த லுட்ஸ் குடும்பம் 28 நாளில் வெளியேறி, பேய் துரத்தியது என்றது. அதுதான் 1977-இல் புத்தகமாகி, பிறகு படமானது. கொலையாளியின் வழக்கறிஞரே, அந்தப் பேய்க்கதை கூடிப் பேசிப் புனைந்தது என்று பின்னாளில் சொன்னார். லுட்ஸ் குடும்பம் மறுத்தது. எது எப்படியானாலும் ஆறு பேர் செத்தது நிஜம். அதனாலேயே வீட்டை விட்டுவிட்டுக் கற்பனைப் பொருள்களைப் பிடித்துக்கொண்ட இந்தத் தொடர்ச்சிகளை நான் கூடுதலாக மதிக்கிறேன். அவை செத்தவர்களைத் திரும்பத் திரும்பக் கொல்லவில்லை.

1996-இல் வந்த பொம்மை வீட்டுப் படத்தைப் பற்றிச் சுருக்கமாக: மறுமணம் செய்துகொண்ட தம்பதி, இருவருக்கும் முந்தைய மணத்தில் பிறந்த பிள்ளைகள், புதிதாகக் கட்டிய வீடு. கொட்டகையில் கிடந்த பொம்மை வீட்டை அப்பா மகளுக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுக்கிறார். அது அச்சு அசலாக அமிட்டிவில் வீடு. வளர்ப்பு எலி அந்தப் பொம்மை வீட்டுக்குள் நுழைந்தால் நிஜ வீட்டுக் கட்டிலுக்கு அடியில் ராட்சத எலி! என் மகன் அதைப் பார்த்துவிட்டு வெகுநாள் கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்த பிறகே படுத்தான். மனைவியின் இறந்துபோன முதல் கணவன் அழுகிய உடலோடு தன் பையனிடம் வந்து, புது அப்பாவைக் கொல் என்று தூண்டும் காட்சிகளில் ஒப்பனை சுமார்தான். ஆனால் அந்தப் பையனின் முகம்! மாற்றாந்தகப்பனோடு ஒட்டவும் முடியாமல், செத்தவரை விடவும் முடியாமல் தவிக்கிறான்.

நள்ளிரவு ரசிகன்:

அக்கா, மிக முக்கியமானதைச் சொன்னீர்கள். நன்றி.

எல்லோருடைய பதிவையும் படித்த பிறகு எனக்கு ஒன்று தெளிவாகிறது. விதவைத் தாய், தனியாகப் பிள்ளை வளர்க்கும் தகப்பன், தகப்பனைத் தொலைத்த மகன், ஒட்டுப்போட்ட குடும்பம். நான்கு படங்களும் விரிசல் விட்ட வீட்டைத்தான் தேடிப் போகின்றன. பொருளும் ஒவ்வொரு தடவையும் அன்பளிப்பாகவோ ஆசையாகவோதான் உள்ளே வருகிறது. பேய் வீடென்றால் காலி செய்துவிட்டு ஓடலாம்; பரிசாக வந்ததை எப்படித் தூக்கி எறிவது? இந்தப் பிடிமானம் பெரிய படங்களில் இல்லை.

சிக்கன காரணமும் உண்டு. மூன்றாம் படத்தின் முடிவில் வீடே வெடித்துச் சிதறிவிட்டது. ஒரு பொருளை மட்டும் கலிபோர்னியாவுக்கு அனுப்பிவிட்டால் ஒரே ஒரு வீட்டுக்குள் முழுப் படத்தையும் முடித்துவிடலாம். ஜான் ஜி. ஜோன்ஸ் 1988-இல் எழுதிய புத்தகம் அந்த வழியைத் திறந்துவிட்டது.

2011-க்குப் பிறகு வந்தவை வேறு கதை. ஊர்ப்பெயரை யாரும் வைத்துக்கொள்ளலாம் என்பதால் ஆளாளுக்கு அமிட்டிவில் படம் எடுக்கிறார்கள். 2022-இல் கதையை விண்வெளிக்கே அனுப்பிவிட்டார்கள். அவற்றில் பெயர் இருக்கிறது, வீடு இல்லை, வீட்டு மனிதர்களும் இல்லை. எனக்கு அவை வேண்டாம்.

புதிதாகப் பார்க்க விரும்புபவர்கள் கடிகாரத்தில் தொடங்குங்கள், பிறகு விளக்கு. சாபக் கண்ணாடி ஒன்றை வைத்து 1990-இலிருந்து நான்கு பாகங்களாக வந்த 'மிரர் மிரர்' வரிசையைப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் அடுத்து நீங்கள் எழுதுங்கள். இரண்டாம் பாகம் முதலாம் பாகத்துக்கு ஈடு கொடுக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஆசை.