மறு: ஆர்பிஜி-க்குத் தமிழில் என்ன? (ஒன் பீஸ் ஒடிசி சொற்பட்டியல்)

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

லூஃபி என்ற கடற்கொள்ளையனின் கதை சொல்லும் ஒன் பீஸ் மங்காவை (ஜப்பானியப் படக்கதை) வைத்து வந்த வீடியோ ஆட்டம் ஒன் பீஸ் ஒடிசி. அதன் அறிமுகக் கட்டுரைக்கான சொற்பட்டியலில் மற்றவை ஏறக்குறைய முடிந்துவிட்டன. தலைச்சொல்லான ஆர்பிஜி (ரோல்-பிளேயிங் கேம், ஒரு பாத்திரமாக நாமே ஆடும் ஆட்டவகை) மட்டும்தான் இழுத்துக்கொண்டே போகிறது. இந்த இழையில் இதுவரை வந்த கருத்துகளை மேற்கோள் காட்டி, ஒரே மடலில் பதில் எழுதுகிறேன். என் முன்மொழிவு 'வேடங்கட்டு ஆட்டம்'. கட்டுரையில் இரண்டாம் முறை வரும்போது வெறும் 'வேடங்கட்டு' போதும்.

> ஜப்பான்காரர்களே ஆங்கிலச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். நாமும் 'ஆர்பிஜி' என்று எழுதிவிட்டுப் போனால் என்ன?

எடுத்துக்கொண்டார்கள், உண்மைதான். 1986இல் யூஜி ஹோரி உருவாக்கி எனிக்ஸ் வெளியிட்ட டிராகன் குவெஸ்ட்தான் அங்கே இந்த வகையை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. அதற்கு ஓவியம் வரைந்தவர் மங்கா ஓவியர் அகிரா தோரியாமா. மங்காவும் இந்த வகை ஆட்டமும் தொடக்கத்திலிருந்தே ஒட்டிப் பிறந்தவை போல இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் ஜப்பானியர்கள் கடன் சொல்லை எழுத ஒரு தனி எழுத்துமுறையே வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு வசதியானது நமக்கும் வசதி என்று சொல்ல முடியாது.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. இதை யாரும் சொல்லவில்லை என்பது எனக்கு வியப்பு. இலங்கைத் தமிழ் வாசகருக்கு ஆர்பிஜி என்றால் தோளில் வைத்துச் சுடும் உந்துகணை. போர்க்காலச் செய்திகளில் அது அன்றாடம் அடிபட்ட சொல். 'லூஃபியும் கூட்டாளிகளும் கலக்கும் புதிய ஆர்பிஜி' என்று தலைப்பு வைத்தால் யாழ்ப்பாணத்தில் படிப்பவருக்கு அது எப்படிக் கேட்கும்? உள்ளே அடைப்புக்குறி போட்டு விளக்கலாம்தான். விளக்கத்தோடு மட்டுமே பிழைக்கும் சொல் எதற்கு?

> 'பாத்திரமேற்பு விளையாட்டு' ஏற்கெனவே ஓரளவு புழக்கத்தில் உள்ளது. பொருளும் சரி.

பொருள் சரிதான். 'பாத்திரம் என்றால் ஏனம் ஆயிற்றே' என்ற பழைய கிண்டலை நான் எடுக்கப்போவதில்லை, இடம் பார்த்துப் பொருள் கொள்ள வாசகருக்குத் தெரியும். என் குறை வேறு. ஆசிரியர் பயிற்சியில் 'பாத்திரமேற்று நடித்தல்' என்று ஒரு கற்பித்தல் முறைக்குப் பெயர் இருக்கிறது. ஒரு மாணவர் கடைக்காரராகவும் இன்னொருவர் வாடிக்கையாளராகவும் பேசிக் காட்டுவது. அந்த வகுப்பறை வாடை இந்தச் சொல்லிலும் வீசுகிறது. அப்புறம், நீளம். 'ஜப்பானியப் பாத்திரமேற்பு விளையாட்டு வகைமை' என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போவதற்குள் மூச்சு முட்டும்.

> ஒடிசியில் நாம் எந்தப் பாத்திரத்தை ஏற்கிறோம்? லூஃபி யார், என்ன செய்வான் என்பதெல்லாம் முன்பே எழுதி முடித்த கதை. நமக்குத் தேர்வே இல்லை. ஆகவே 'வேடம்', 'பாத்திரம்' எல்லாமே பொய். ஆட்டம் செய்யும் வேலையை வைத்து 'வளர்ச்சி ஆட்டம்' என்று சொல்லுங்கள்.

இந்த இழையில் வந்ததிலேயே வலுவான கேள்வி இதுதான். கொஞ்சம் நின்று பார்ப்போம்.

1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் இந்த வகைக்கு வித்திட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை ஆட்டத்தைக் கொண்டுவந்தபோது, மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர் ஒவ்வொருவரும் தன் ஆளைத் தானே உருவாக்கினார். மந்திரவாதியா, போர்வீரனா, என்ன பேசுவான், யாரைக் காட்டிக்கொடுப்பான், எல்லாம் ஆடுபவர் கையில். பகடை உருட்டியதும் எண்கள் வந்ததும் அந்த நடிப்புக்குத் துணையாகத்தான். 1981இல் விசார்ட்ரி, அல்டிமா என்ற ஆட்டங்கள் கணினிக்கு வந்தபோது எண்கள் எளிதில் வந்து சேர்ந்தன, நடிப்பு அவ்வளவு எளிதில் வரவில்லை. அந்த இரண்டையும் பார்த்துத்தான் டிராகன் குவெஸ்ட் பிறந்தது. ஆக, 'நிலை உயர்வதும் எண்கள் கூடுவதும்தான் இந்த வகை' என்று நண்பர் சொல்வதற்கு வரலாற்று ஆதாரமே இருக்கிறது.

ஒடிசியையே எடுங்கள். கடற்கொள்ளையரை நம்பாத லிம் என்ற பெண், லூஃபி கூட்டத்தின் ஆற்றல்களைப் பிடுங்கிக் கனசதுரங்களாக்கி வேஃபோர்டு தீவெங்கும் சிதறடித்துவிடுகிறாள். அவற்றைத் தேடிச் சேர்த்துப் பழைய பலத்தை மீட்பதுதான் ஆட்டம். உச்சத்தில் இருக்கும் நாயகர்களை முதலில் பலம் குறைத்துவிட்டுத்தான் திரும்ப வளர்க்க முடிகிறது. வளர்ச்சி இல்லாவிட்டால் இந்த வகையே இல்லை என்று ஆட்டமே ஒப்புக்கொள்வது போலத்தான்.

ஆனாலும் 'வளர்ச்சி ஆட்டம்' ஒத்துவராது. பயிர் வளர்ப்பு, நகர் வளர்ப்பு, கால்பந்து அணி வளர்ப்பு என்று எல்லா வகை ஆட்டத்திலும் இன்று ஏதோ ஒன்று வளர்கிறது. தவிர, அந்தப் பெயரைக் கேட்டால் நகராட்சித் திட்டம் மாதிரி இருக்கிறது.

தேர்வு இல்லாவிட்டால் வேடம் இல்லை என்பது ஆங்கிலச் சொல்லிலிருந்து வரும் எதிர்பார்ப்பு. நம்முடைய 'வேடம்' அப்படியில்லை. தெருக்கூத்தில் துரியோதனன் வேடம் கட்டுபவர் படுகளத்தில் விழுந்துதான் ஆகவேண்டும். அவருக்கும் தெரியும், பாயை விரித்து உட்கார்ந்திருக்கும் ஊருக்கும் தெரியும். கதையை மாற்றும் உரிமை அவருக்குக் கிடையாது. ஆனால் அன்றைய இரவின் அடவு, பாட்டு, கட்டியங்காரனோடு பேச்சில் மோதுவது எல்லாம் அவருடையவை. அவரை யாரும் வேடம் ஏற்காதவர் என்று சொல்வதில்லை.

ஒடிசியிலும் இதுதான் நடக்கிறது. மெமோரியா என்ற நினைவுலகுக்குள் போய் அலபாஸ்டா, வாட்டர் செவன், மரீன்ஃபோர்டு, டிரெஸ்ரோசா என்று பழைய இடங்களில் மறுபடி நடக்கிறோம். மங்கா படித்தவருக்கு அங்கே என்ன நடந்தது என்பது மனப்பாடம். ஆனாலும் நினைவு பிசகுவதால் காட்சிகள் அங்கங்கே மாறுகின்றன. மூலக்கதையில் அலபாஸ்டா நிகழ்ந்தபோது ஃபிராங்கியும் புரூக்கும் கூட்டத்தில் சேர்ந்திருக்கவே இல்லை. இங்கே அவர்களும் பாலைவனத்தில் கூடவே வருகிறார்கள். தெரிந்த கதையை, தெரிந்த வேடத்தில், இன்றைக்கு நான் ஆடுகிறேன். இதற்கு 'வேடங்கட்டு' பொருந்தாவிட்டால் வேறு எதற்குத்தான் பொருந்தும்? டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்கும் பொருந்தும், அங்கே வேடத்தையும் நாமே தைத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

> 'வேஷம் போடுகிறான்' என்றால் பித்தலாட்டக்காரன் என்று பொருள். சொல்லில் கறை இருக்கிறது.

அதனால்தான் 'போடு' என்பதை விட்டு 'கட்டு' என்று எடுத்தேன். 'வேஷம் போடாதே' என்று திட்டுவோம், 'வேஷம் கட்டாதே' என்று திட்டிக் கேட்டதுண்டா? ராஜபார்ட் கட்டுவது, புலிவேஷம் கட்டுவது எல்லாம் கலை. 'வேடமேற்பு' என்று பொதுவாக வைக்கலாமே என்று இன்னொருவர் கேட்டிருந்தார். ஏற்பது ஒரு நொடியில் முடிந்துவிடும். கட்டுவதில் வேலை இருக்கிறது, பூசி, உடுத்தி, முடி கட்டி, கொஞ்சம் கொஞ்சமாக ஆளாவது. நிலை நிலையாக ஆளை உருவாக்கும் இந்த ஆட்டத்துக்கு அந்த வினைதான் வேண்டும். 'வளர்ச்சி' கேட்ட நண்பருக்கும் இதில் பாதி நியாயம் கிடைத்துவிடும் என்று நம்புகிறேன்.

'விளையாட்டு' வேண்டுமா 'ஆட்டம்' வேண்டுமா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. ஆட்டம் சிறியது, கூத்தோடும் சேரும்.

> ஒருவர் அடித்த பிறகு மற்றவர் அடிக்கும் சண்டைக்கு 'சுழல்முறைச் சண்டை' அல்லது 'முறைசார் சண்டை'?

'முறைசார்' வேண்டாம். ஒழுங்கான சண்டை, சட்டப்படியான சண்டை என்று ஆகிவிடும். லூஃபி எந்தக் காலத்தில் முறைப்படி சண்டை போட்டான்? 'முறைச்சண்டை' என்று சுருக்கினால் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நிற்பது போலிருக்கிறது. 'சுழல்முறை' பரவாயில்லை. ஆனால் வரிசை மாறாமல் சுற்றி வரும் என்ற எதிர்பார்ப்பைத் தருகிறது. ஒடிசியில் அப்படி மாறாத வரிசை இல்லை.

அணையில் தண்ணீர் குறைவாக இருந்தால் 'முறை வைத்துத் திறக்கிறார்கள்' என்று செய்தித்தாளில் படிக்கிறோம், முறைப்பாசனம் என்றும் சொல்கிறோம். பல்லாங்குழியானாலும் தாயமானாலும் 'இப்ப என் முறை' என்றுதான் சொல்கிறோம். சொல் கையிலேயே இருக்கிறது: 'முறைவைப்புச் சண்டை'. வைப்பு என்ற ஒட்டு வந்ததும் ஒழுங்கு, முறைப்பு என்ற இரண்டு வம்பும் போய்விடுகின்றன. ஒடிசியை 'முறைவைப்பு வேடங்கட்டு' என்று இரண்டே சொல்லில் வகைப்படுத்திவிடலாம். உடனுக்குடன் கைகலக்கும் வகைக்கு 'அதிரடி வேடங்கட்டு'. இப்படி அடைமொழி ஏற்க முடிகிறதா என்பதுதான் ஒரு கலைச்சொல்லுக்கு நான் வைக்கும் முதல் சோதனை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

லெவல் என்பதை 'நிலை' என்றே விடுவோம். 'பட்டறிவுப் புள்ளி' அழகுதான், ஆனால் 'அனுபவப் புள்ளி'யை யாரும் விளக்கம் கேட்கமாட்டார்கள். சண்டையில் இறங்கும் நான்கு பேருக்குக் 'கட்சி' என்று ஒருவர் எழுதியிருந்தார். கபடியில் கட்சி பிரிப்பது நினைவுக்கு வந்து மகிழ்ந்தேன், ஆனால் தேர்தல் காலத்தில் கட்டுரை வெளிவந்தால் வம்பு. 'அணி' போதும்.

ஆட்களின் சண்டை வகைகளான வலு, வேகம், நுட்பம் என்ற மூன்றுக்கும் எதிர்ப்பு வரவில்லை, அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். வலு வேகத்தை வெல்லும், வேகம் நுட்பத்தை வெல்லும், நுட்பம் வலுவை வெல்லும். மூன்றும் சிறியவை, மூன்றும் புழங்கும் சொற்கள். லூஃபி வலு, ஸோரோ நுட்பம் என்று எழுதினால் ஆட்டத்தைத் தொடாதவருக்கும் புரியும்.

சண்டைக்களம் பல பகுதிகளாகப் பிரிவதற்குத் 'திட்டு' என்று ஒரு நண்பர் சொன்னார். மணல்திட்டு மாதிரி, கடல் கதைக்கு ஏற்ற சொல்தான். தன் பகுதியில் நிற்கும் எதிரியை வீழ்த்தாமல் அடுத்த பகுதிக்குப் போக முடியாது என்ற விதிக்கும் பொருந்துகிறது. ஆனால் 'சண்டைத் திட்டு' என்று எழுதிப் பாருங்கள், தெருக்குழாயடிக்கு வந்துவிடுவோம். 'கட்டம்' என்றால் தாயக்கட்டம் போலக் கோடு போட்ட சதுரம் தோன்றும், இங்கே அப்படிக் கோடு இல்லை. தற்போதைக்குக் 'களத்துண்டு' என்று வைத்திருக்கிறேன். பெரிய விருப்பம் இல்லை. நல்லது கிடைத்தால் உடனே மாற்றுகிறேன்.

கதையின் கடற்கொள்ளையருக்கு 'கடலோடிகள்' என்று மென்மையாக்கும் யோசனையை மட்டும் கடுமையாக மறுக்கிறேன். கடலோடி மீனவராகவும் இருக்கலாம், மாலுமியாகவும் இருக்கலாம். 1997இல் எய்சிரோ ஓடா தொடரைத் தொடங்கியதிலிருந்து லூஃபி தன்னைக் கொள்ளையர்களின் அரசனாகப் போகிறவன் என்றுதான் சொல்லித் திரிகிறான். லிம்முக்கு அவர்கள்மேல் கோபம் வருவதே அந்தப் பெயரால்தான். அதை எடுத்துவிட்டால் கதையின் முதல் முடிச்சே அவிழ்ந்துவிடும்.

இன்னும் ஒன்று பாக்கி. சண்டை நடுவே திடீரென்று ஒரு நிபந்தனை வருகிறது: இந்த எதிரி பெரிய தாக்குதல் தொடுப்பதற்குள் அவனை வீழ்த்து, அல்லது ஒரு கூட்டாளியை விழாமல் காப்பாற்று. முடித்தால் அனுபவப் புள்ளி கொட்டுகிறது. ஆட்டத்தில் இதற்கு நாடகக் காட்சி என்ற பொருளில்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். நேராக 'நாடகக் காட்சி' என்றால் சண்டை நின்று படம் ஓடுகிறது என்று நினைத்துவிடுவார்கள். 'இடைநெருக்கடி' என்று நான் யோசித்தேன், 'திடீர்ப் பந்தயம்' என்றான் என் தம்பி. அவன் சொன்னதில் பரிசு இருக்கிறது, நான் சொன்னதில் ஆபத்து இருக்கிறது, இரண்டும் சேர்ந்த சொல் அகப்படவில்லை. வாட்டர் செவனைத் தாண்டி ஆடியவர்கள் யாராவது சொல்லுங்கள். ஞாயிறு இரவு பட்டியலை ஆசிரியருக்கு அனுப்பவேண்டும்.

அன்புடன்,
சொற்பட்டியல் தொகுப்பவன்