ஆப்பிரிக்காவில் வேலை பார்த்தவர்கள் சொல்லுங்கள்: வல்லரசுகள் தரும் மரியாதையை அங்குள்ளவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள்?

டிரே டாவா வாத்தியார்

2025 ஜூலையில் என் பழைய மாணவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். வெள்ளை மாளிகையில் லைபீரிய அதிபர் போவாகாய் பேசி முடித்ததும், இவ்வளவு அழகான ஆங்கிலத்தை எங்கே கற்றீர்கள் என்று டிரம்ப் கேட்கிறார். லைபீரியாவின் ஆட்சிமொழியே ஆங்கிலம். அமெரிக்காவிலிருந்து போன கறுப்பின மக்கள் 1847இல் சுதந்திரம் அறிவித்த நாடு அது. வீடியோவுக்குக் கீழே என் மாணவர் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. அதைப் பார்த்த பிறகு தூக்கம் வரவில்லை, அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன். அங்கே வேலை பார்த்தவர்கள் உங்கள் கண்ணால் பார்த்ததை எழுதுங்கள். செய்தித்தாளில் படித்தது வேண்டாம்.

நான் 2013 முதல் 2020 வரை எத்தியோப்பியாவில், டிரே டாவாவில் கணக்கு வாத்தியார். தெருவில் நடந்தால் சின்னப் பிள்ளைகள் 'சைனா, சைனா' என்று கத்துவார்கள். வெளிநாட்டுக்காரன் யாராக இருந்தாலும் சைனாதான். பெரியவர்கள் மட்டும் என்னைப் பார்த்ததும் 'ஹிந்த் அஸ்தமாரி' என்பார்கள். இந்திய ஆசிரியர் என்று அர்த்தம். பேரரசர் ஹைலே செலாசி காலத்தில் இந்தியாவிலிருந்து போன ஆசிரியர்களிடம் படித்த தலைமுறை அது. எனக்குக் கிடைத்த மரியாதையில் பாதி, எனக்கு முன்னால் அங்கே போய் ஒழுங்காகப் பாடம் நடத்தியவர்கள் சம்பாதித்து வைத்தது.

டிரே டாவாவே ரயிலுக்காகப் பிறந்த ஊர். பக்கத்து நாடான ஜிபூட்டியின் துறைமுகத்திலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் போட்ட பாதை 1917இல் தலைநகர் அடிஸ் அபாபாவை எட்டியது. அதன் பழைய நிலையம் இன்றும் ஊர் நடுவில் நிற்கிறது. நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரர் அந்தப் பாதையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், பிரெஞ்சு சரளமாகப் பேசுவார். 2016 அக்டோபரில் சீனர்கள் கட்டிய மின்சார ரயில் திறக்கப்பட்டது. அடிஸ் அபாபாவிலிருந்து ஜிபூட்டி வரை சுமார் 750 கிலோமீட்டர், சீன அரசு வங்கியான எக்ஸிம் வங்கியின் கடன். புது நிலையம் ஊரை விட்டுத் தள்ளிப் பொட்டல்வெளியில் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனார். எங்கேயும் போவதற்கு இல்லை, இன்ஜினைப் பார்ப்பதற்கு. பிளாட்பாரத்தின் கடைசி வரை நடந்து போய் நின்றார். ஓட்டுநர் இருக்கையில் ஒரு சீனர், பக்கத்தில் சீருடையோடு ஓர் எத்தியோப்பியப் பையன். கிழவரைப் பார்த்ததும் பையன் எழுந்து, இடது கையால் வலது முழங்கையைத் தாங்கி, தலை குனிந்து வணக்கம் சொன்னான். திரும்பி வரும் வழியெல்லாம் அவர் பேசவே இல்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது ஒன்றுதான் கேட்டார்: "அந்தப் பையன் எப்போது அந்த ஓட்டுநர் சீட்டில் உட்காருவான்?"

சீனா பற்றி இங்கே நடக்கும் விவாதங்களில் கடன் கொடுத்து நாடுகளைச் சிக்கவைக்கிறார்கள், கடன் பொறி, கடன் பொறி என்று மட்டுமே பேசுகிறோம். கடன் பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் 1991 முதல் ஒவ்வொரு ஆண்டும் சீன வெளியுறவு அமைச்சரின் முதல் வெளிநாட்டுப் பயணம் ஆப்பிரிக்காவுக்குத்தான் என்பதை எங்கள் கல்லூரியில் பாதிப் பேர் தெரிந்து வைத்திருந்தார்கள். பைடன் தன் நான்கு வருடத்தில் சஹாராவுக்குத் தெற்கே அரசுமுறைப் பயணமாகப் போனது ஒரே ஒரு தடவை, 2024 டிசம்பரில் அங்கோலாவுக்கு. அதுவும் பதவி முடிகிற நேரத்தில். வீட்டுக்கு வந்து போகிறவர் யார், வராதவர் யார் என்று அவர்களுக்குத் தெரியும். நமக்கு மட்டும் தெரியாதா என்ன?

லுசாகா அக்கா

சார், நாங்கள் ஜாம்பியாவில் பதினோரு வருடம் இருந்தோம். என் கணவர் கிட்வேயில் சுரங்கத்துக்கு உதிரிபாகம் விற்கும் கம்பெனியில் கணக்குப் பார்த்தார், அப்புறம் லுசாகா.

கிட்வேயில் பக்கத்து வீட்டுத் தாத்தா டசாரா ரயில்பாதை போட்டபோது கூலி வேலை செய்தவர். தான்சானியாவின் தார் எஸ் சலாம் துறைமுகத்திலிருந்து ஜாம்பியாவின் கபிரி ம்போஷி வரை 1,860 கிலோமீட்டர். உலக வங்கியும் மேற்கு நாடுகளும் லாபம் வராது என்று கைவிரித்த திட்டம் அது. ஆனால் ஜாம்பியாவுக்கு அது லாபக் கணக்கு இல்லை. தெற்கே வெள்ளையர் ஆண்ட ரொடீசியா (இன்றைய ஜிம்பாப்வே), அந்த வழியாகத்தான் தாமிரம் கடலுக்குப் போக வேண்டும் என்றால் கழுத்து அவர்கள் கையில். சீனா அப்போது தானே ஏழை நாடு. ஆனாலும் வட்டியில்லாக் கடன் கொடுத்து 1970இல் தொடங்கி 1975இல் தண்டவாளத்தை முடித்தது. வேலையில் இறந்த சீனர்களின் கல்லறைகள் தார் எஸ் சலாம் பக்கம் இருக்கின்றன. "அவர்களும் எங்களை மாதிரியே மண் சுமந்தார்கள்" என்று தாத்தா சொல்லும்போது குரல் மாறிவிடும்.

ஆனால் அதே தாத்தாவின் பேரன் வேறு சீனாவைப் பார்த்தவன். 2010இல் ஜாம்பியாவின் தெற்கே, சீனர்கள் நடத்திய கொல்லம் (Collum) என்ற நிலக்கரிச் சுரங்கத்தில் சம்பளமும் பாதுகாப்பும் கேட்டுப் போராடிய தொழிலாளர்கள் மேல் சீன மேலாளர்கள் துப்பாக்கியால் சுட்டார்கள், பத்துப் பேருக்கு மேல் காயம். அந்தக் கோபத்தையும் சேர்த்துப் பேசித்தான் மைக்கேல் சாட்டா அடுத்த வருடம் அதிபர் தேர்தலில் ஜெயித்தார். ஜெயித்த பிறகு சீனாவோடு உறவை முறித்தாரா என்றால் இல்லை. அந்த வீட்டில் ஒரே மேசையில் இருவரும் இதைப் பற்றிச் சண்டை போடுவார்கள், நான் டீ போட்டுக் கொடுத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன். இருவர் சொன்னதும் உண்மைதான்.

இன்னொன்று. 2023இல் அப்போதைய அமெரிக்கத் துணை அதிபர் கமலா ஹாரிஸ் லுசாகா வந்தார். அவருடைய தாத்தா, நம்ம துளசேந்திரபுரத்துக்காரர், 1960களில் அகதிகள் வேலைக்காக இந்திய அரசு அனுப்பி அங்கே இருந்தவர். அவர் குடியிருந்த வீடு இருந்த இடத்துக்கும் ஹாரிஸ் போனார். சீனாவுக்குப் போட்டியாகத்தான் அமெரிக்கா ஆள் அனுப்புகிறது என்று எங்கள் கடைக்கார அம்மாவுக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் "தாத்தா வீட்டைத் தேடி வந்தாளே" என்று இரண்டு நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

ரிக் வண்டி, திருச்செங்கோடு

வாத்தியார் அண்ணாவுக்கு வணக்கம். எங்கள் ஊர் போர்வெல் ரிக்குகள் ஆப்பிரிக்கா முழுக்க ஓடுவது தெரிந்திருக்கும். நான் பர்கினா ஃபாசோவில் நாலு வருடம் டிரில்லர். எனக்கு அரசியல் அவ்வளவாகத் தெரியாதுங்க, பார்த்ததைச் சொல்கிறேன்.

2017 நவம்பரில் பிரான்ஸ் அதிபர் மக்ரோன் தலைநகர் வாகடூகு பல்கலைக்கழகத்தில் பேசியதை மெஸ்ஸில் டிவியில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். மாணவர்கள் கரண்ட் பிரச்சினையைப் பற்றிக் கேட்டார்கள். அது உங்கள் அதிபர் பார்க்க வேண்டிய வேலை என்றார். அதுவரைக்கும் சரி. அந்த நேரம் அவர்கள் அதிபர் கபோரே எழுந்து வெளியே போனார். உடனே மக்ரோன், ஏசியைச் சரி செய்யப் போய்விட்டார் என்று மேடையிலிருந்து சொன்னார். ஹாலில் சிரிப்புச் சத்தம். எங்கள் மெஸ்ஸில் என் ஹெல்பர் பையன்கள் ஐந்து பேரும் சிரிக்கவில்லை. ஒருவன் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். கபோரேவுக்கு ஓட்டுப் போடாதவன் அவன், எப்போதும் அவரைத் திட்டிக்கொண்டே இருப்பான். அவனால்கூட அதைத் தாங்க முடியவில்லை.

2022இல் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது தெருவில் ரஷ்யக் கொடி பறந்தது. 2023 பிப்ரவரியில் பிரெஞ்சுப் படை கிளம்பிப் போனது. ஜிகாதிகளை அடக்க முடியவில்லை என்பதுதான் பெரிய காரணம், ஒரு பேச்சால் நடந்தது என்று நான் சொல்லமாட்டேன். ரஷ்யாக்காரன் வந்தும் கிராமங்களில் சாவு நிற்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் கொடி பறந்த வீடியோவைப் பார்த்தபோது எனக்குத் தட்டோடு வெளியே போன அந்தப் பையன் முகம்தான் வந்தது.

எங்கள் தொழிலில் ஒன்று கற்றுக்கொண்டேன். கிராமத்தில் முதல் தடவை நேராகத் துளை போட வேண்டிய பாயிண்டில் வண்டியை நிறுத்தி கம்ப்ரசரை ஸ்டார்ட் செய்துவிட்டேன். ஊரே வந்து வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டது. தண்ணீர் வேண்டாமா இவர்களுக்கு என்று எனக்குக் கோபம். அப்புறம்தான் புரிந்தது, ஊர்த்தலைவரைப் போய்ப் பார்க்கவில்லை. அவரை நாபா என்பார்கள். மரத்தடியில் உட்காரவைத்து சூம்-கூம் கொடுத்தார்கள், கம்பு மாவு கரைத்த தண்ணீர், கொஞ்சம் இஞ்சி. அசலாக எங்கள் வீட்டுக் கம்பங்கூழ் கரைசல் மாதிரி இருந்தது. வீட்டில் எல்லோரும் சுகமா, அம்மா அப்பா சுகமா என்று கால் மணி நேரம். அதற்குப் பிறகு அவர்களே பைப் இறக்கிக் கொடுத்தார்கள். அடுத்த ஊரிலிருந்து நான் முதலில் செய்த வேலை அதுதான்.

டிரே டாவா வாத்தியார்

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன்.

நம்மைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2017 மார்ச்சில் கிரேட்டர் நொய்டாவில் நைஜீரிய மாணவர்களைக் கூட்டமாகச் சேர்ந்து அடித்த வீடியோ எத்தியோப்பியா வரைக்கும் வந்தது. வகுப்பு முடிந்ததும் ஒரு பெண் எழுந்து, "அஸ்தமாரி, என் அண்ணன் உங்கள் நாட்டில்தான் படிக்கிறான், அவனுக்கு ஒன்றும் ஆகாதே?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. என்னை நம்பிக் கேட்டாள். ஆகாதும்மா என்றேன். சொல்லும்போதே வாய் உலர்ந்தது. அதற்கு ஒன்றரை வருடம் முன்புதான் டெல்லியில் ஆப்பிரிக்கத் தலைவர்கள் 41 பேரைக் கூட்டி மாநாடு நடத்தியிருந்தோம். 2023இல் ஆப்பிரிக்க ஒன்றியம் ஜி20க்குள் வந்ததும் டெல்லியில்தான், எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெண்ணின் அண்ணன் வாடகைக்கு வீடு கிடைக்காமல் எத்தனை வாசலில் நின்றான் என்று பின்னால்தான் அவளே சொன்னாள்.

வீட்டுக்காரர் கேட்ட கேள்வியை நான் மறக்கவே இல்லை. 2024இல் சீனர்கள் ரயிலை நடத்தும் பொறுப்பை எத்தியோப்பிய, ஜிபூட்டிப் பணியாளர்களிடம் முழுசாக ஒப்படைத்தார்கள் என்று படித்ததும் அவர் மகனுக்கு போன் செய்தேன். அப்பாவுக்கு இப்போது நடக்க முடியவில்லை என்றான். ஸ்டேஷனுக்குப் போக வேண்டும் என்று காலையிலிருந்து ஒரே பிடிவாதமாம், பஜாஜ் பிடித்துக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறோம் என்றான். நம்ம ஆட்டோவுக்கு அங்கே பேரே பஜாஜ்தான்.